ஆவி–திரவச் சமநிலை: மாதிரி அளவுருக்களைப் பொருத்துதல்

திரவக் கலவையும் அதன் ஆவியும் சமநிலையில் இருக்கும்போது அளந்த வெப்பநிலை, அழுத்தம், இயைபு ஆகியவற்றை ஒரு வெப்ப இயக்கவியல் மாதிரி இயன்றவரை நெருக்கமாகத் தரும்படி அதன் அளவுருக்களைக் கணக்கிடும் முறை இது. வடிப்புக் கோபுரங்களின் வடிவமைப்பு இதைச் சார்ந்தது.

எத்தனால்–நீர்க் கலவை, இலட்சியக் கலவைகளுக்குரிய ரௌல்ட் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. 1 வளிமண்டல அழுத்தத்தில், எடையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனால் உள்ள கலவை 78.2 பாகை செல்சியஸில் இயைபு மாறாமல் கொதிக்கிறது. சாதாரண வடிப்பு அதைத் தாண்டாது. விதியிலிருந்து விலகும் அளவைச் செயல்திறன் குணகம் குறிக்கிறது. அது இயைபைப் பொறுத்து மாறும் விதத்தைச் சொல்வதே மாதிரியின் வேலை. மார்கூலெஸ் 1895இல் தந்த சமன்பாட்டுக்குப் பின் வில்சன் (1964), என்.ஆர்.டி.எல். (1968), யூனிக்வாக் (1975) ஆகியவை வந்தன. இவற்றில் ஒவ்வொரு இணைக்கும் இரண்டு அளவுருக்கள் தேவை. என்.ஆர்.டி.எல்.லில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலும் 0.3 அருகே நிலையாக வைத்துவிடுவார்கள்.

கணக்கு, மீச்சிறு வர்க்க முறைதான். எந்த அளவின் பிழையைக் குறைப்பது என்பதில்தான் சிக்கல். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் துல்லியமாக அளந்துவிடலாம். ஆவியின் இயைபை அளப்பது கடினம். 1953இல் பார்க்கர் அதை அளக்காமலே விட்டார். மாறா வெப்பநிலையில் திரவ இயைபையும் மொத்த அழுத்தத்தையும் கொண்டு அளவுருக்களைப் பொருத்தி, ஆவியின் இயைபை மாதிரியிலிருந்தே கணக்கிட்டார். ஆவியையும் அளந்தால், கூறுகளின் செயல்திறன் குணகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கிப்ஸ்–டூயெம் சமன்பாட்டுக்குத் தரவு ஒத்துவருகிறதா என்று சோதிக்கலாம். பார்க்கர் முறை அச்சமன்பாட்டை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதால் அச்சோதனைக்கு இடமில்லை. சோதனையில் தவறும் தரவைப் பொருத்துவது வீண் வேலை.

இரு அளவுருக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று கூடி மற்றது குறைந்தாலும் வளைகோடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே எண்களுக்குத் தனித்தனியே பொருள் தேடக் கூடாது. வெவ்வேறு பொருத்தல்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கவும் கூடாது. ஒரே ஆவி அழுத்தச் சமன்பாடு, ஒரே அலகு, ஒரே வெப்பநிலை வரம்பு என்பன அளவுருக்களோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். கையேட்டிலிருந்து எண்ணை மட்டும் எடுத்தாள்வோர் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மாதிரிக்கே உரிய எல்லையும் உண்டு. எத்தனாலின் நீரை அகற்ற முன்பு பென்சீன் சேர்ப்பார்கள். பென்சீனும் நீரும் இரு அடுக்காகப் பிரியும். வில்சன் சமன்பாட்டில் அளவுருக்களை எப்படி மாற்றினாலும் அந்தப் பிரிவு வராது. என்.ஆர்.டி.எல்., யூனிக்வாக் இரண்டும் அதைக் காட்டும். ஆனாலும் ஆவித் தரவுக்கு மட்டும் பொருத்திய எண்கள் திரவ அடுக்குகளின் இயைபைத் துல்லியமாகத் தருவது அரிது; அதற்குத் திரவ–திரவத் தரவையும் சேர்த்துப் பொருத்துவார்கள்.