ராயல் சொசைட்டி: நிர்வாகமும் தலைமையும்

லண்டன் ராயல் சொசைட்டி, 1660 நவம்பர் 28 அன்று கிரெஷாம் கல்லூரியில் கூடிய பன்னிரண்டு பேர் தொடங்கிய அறிவியல் சங்கம். மன்னர் இரண்டாம் சார்லஸ் 1662, 1663 ஆகிய ஆண்டுகளில் சாசனங்களை வழங்கினார். தலைவர், பொருளாளர், செயலாளர்கள், நிர்வாகக் குழு என்று அவை வகுத்த அமைப்புதான், சில மாற்றங்களோடு, இன்றும் நீடிக்கிறது.

தொடக்க காலத்தில் சங்கத்தை நடத்தியது செயலாளரின் பேனாதான். ஜெர்மனியில் பிறந்த ஹென்றி ஓல்டன்பர்க் ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். 1665-இல் சொந்தப் பொறுப்பில் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து சந்தேகத்தைக் கிளப்பவே, 1667-இல் அவரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். அவருடைய இதழ் இன்றும் வெளிவருகிறது.

பொருளாளரின் பாடும் லேசானதல்ல. 1686-இல் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலை அச்சிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது சங்கம். நியூட்டனின் 'பிரின்சிபியா'வை அச்சிடக் காசில்லாமல் போக, சங்கத்தின் சம்பள எழுத்தராக இருந்த வானியலாளர் எட்மண்ட் ஹாலி தன் கைப்பணத்தைப் போட்டார். அவருக்குச் சம்பளமாகக் கிடைத்தவை விற்காத மீன் நூல்கள்!

நியூட்டன் 1703 முதல் 1727-இல் இறக்கும்வரை தலைவர். நுண்கணிதத்தை முதலில் கண்டது தானா லைப்னிட்ஸா என்ற தகராறை விசாரிக்க 1712-இல் சங்கம் அமைத்த குழுவின் அறிக்கையைப் பெரும்பாலும் அவரே எழுதினார். வழக்காடியவரே தீர்ப்பும் எழுதிக்கொண்ட கதை இது. தாவரவியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ் 1778-இல் ஏறிய நாற்காலியை 1820 வரை விடவில்லை. அந்நாளில் அறிவியலோடு ஒட்டுறவில்லாத சீமான்கள் பலரும் உறுப்பினர்கள். 1847-இல்தான் ஆண்டுக்குப் பதினைந்து பேர், அதுவும் அறிவியல் தகுதியால் மட்டுமே, என்று விதி கடுமையானது. ராமானுஜன் 1918-இல் தேர்வானது அந்தப் பதினைந்துக்குள்தான்.

இன்று தலைவர் பதவி ஐந்தாண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2015 முதல் 2020 வரை வகித்தார். இயற்பியல் துறைகளுக்கும் உயிரியல் துறைகளுக்கும் தனித்தனிச் செயலாளர் உண்டு. வெளிநாட்டுச் செயலாளர் பதவி 1723-இல் வந்தது. பிரிட்டிஷ் அரசே அப்படியொரு பதவியை 1782-இல்தான் உருவாக்கியது. புதியவரை, ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவராவது முன்மொழிய வேண்டும். துறைவாரிக் குழுக்கள் சலித்தெடுத்த பிறகே பெயர் வாக்கெடுப்புக்கு வரும்.

விதி கதவை அடைத்ததும் உண்டு. 1902-இல் இயற்பியலாளர் ஹெர்த்தா அயர்ட்டனின் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணை உறுப்பினராக்கச் சாசனத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர்கள் கூறிவிட்டனர். நான்கு ஆண்டு கழித்து அவருக்கே சங்கம் ஹியூஸ் பதக்கம் வழங்கியது. கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீவன்சன் ஆகிய முதல் பெண் உறுப்பினர்கள் தேர்வானது 1945-இல்.