சேர்பொருள் கூட்டுவது வேகத்தை மட்டுமே: ஹைட்ரைடு ஆய்வுகளுக்கு ஓர் அளவுகோல்

திண்மப் பொருளில் ஹைட்ரஜனைச் சேமிக்கும் ஆய்வுகளில் மெக்னீசியம் ஹைட்ரைடுக்குத் தனி இடம் உண்டு. உலோகம் மலிவு, எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன். ஆனால் ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்க ஏறத்தாழ 75 கிலோஜூல் வெப்பம் தேவை. சமநிலை அழுத்தம் ஒரு பாரை எட்ட 280 செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். சேர்பொருள்கள் இத்தடையை நீக்கிவிட்டதாகப் பல கட்டுரைகள் முடிக்கின்றன. அவை நீக்குவது தடையின் ஒரு பாதியையே என்பது என் வாதம்.

தடைகள் இரண்டு. ஹைட்ரைடின் நிலைப்புத்தன்மை வெப்ப இயக்கவியல் சார்ந்தது. மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து மூலக்கூறாவதும், திண்மத்துக்குள் அவை ஊடுருவுவதும் வேகம் சார்ந்தவை. வினையூக்கியாகச் செயல்படும் சேர்பொருள் இரண்டாவதை மட்டுமே தொடும்.

1997இல் ஜெர்மனியில் போக்டானோவிச்சும் ஷ்விக்கார்டியும் சோடியம் அலனேட் என்ற ஹைட்ரைடில் டைட்டானியம் சேர்த்து, மிதமான வெப்பத்திலேயே அது ஹைட்ரஜனை விட்டு மீண்டும் ஏற்பதைக் காட்டினர். அலனேட்டின் முதற்படிச் சிதைவுக்குரிய சமநிலை அறை வெப்பநிலையை ஒட்டியே இருந்தது. குறை வேகத்தில் மட்டுமே. ஆகவே டைட்டானியம் பலித்தது. மெக்னீசியத்துக்கு அந்த வசதி இல்லை. 2003இல் பார்கோர்டாரியன் குழு ஒரு மோல் சதவீதத்துக்கும் குறைவான நையோபியம் ஆக்சைடைச் சேர்த்துச் சில நிமிடங்களில் ஹைட்ரஜனை வெளியேற்றியது. அதுவும் 300 செல்சியஸில்தான். வெப்பப் பகுப்பாய்வு வரைபடத்தில் உச்சி இடம்பெயர்வது வேகத்தின் அறிகுறி; சமநிலை மாறியதற்குச் சான்றாகாது.

நிலைப்பை மாற்ற, வினையில் பங்கேற்கும் துணைப்பொருள் வேண்டும். 2005இல் வாஜோ குழு லித்தியம் போரோஹைட்ரைடுடன் மெக்னீசியம் ஹைட்ரைடைச் சேர்த்தபோது மெக்னீசியம் டைபோரைடு உருவானது. வினைவெப்பம் மோலுக்குச் சுமார் 25 கிலோஜூல் குறைந்தது. இதை வினையூக்கம் என்றழைப்பது பிழை.

சேர்பொருள் மாறாமல் இருக்கிறது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. போர்ச்சுகலின் அவெய்ரோ பல்கலைக்கழகத்தில் டி. புகழ்செல்வனும் உடன் ஆய்வாளர்களும் நையோபியம் ஆக்சைடு மெக்னீசியத்துடன் வினைபுரிந்து, பாறை உப்புக் கட்டமைப்புள்ள கலப்பு ஆக்சைடாவதைக் காட்டினர். அதற்குச் செலவாகும் மெக்னீசியம் ஹைட்ரஜனைச் சுமக்காது. பத்து எடைச் சதவீதச் சேர்பொருள், வினைபுரியாமல் கிடந்தாலே, 7.6ஐ 6.8 ஆக்கிவிடும்.

புதுவைப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்த காலாப்பட்டுப் பகுதி போன்ற கடலோரத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். பந்து ஆலையில் அரைத்த நுண்தூள் ஈரக்காற்றில் ஆக்சைடாகும். ஆர்கான் பெட்டிக்கு வெளியே கையாண்ட மாதிரியின் முடிவைச் சேர்பொருளின் பயனாகக் கொள்ள முடியாது.

ஹைட்ரஜனை எரித்துப் பெறும் 242 கிலோஜூலில் 75ஐ, அதாவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை, விடுவிப்பதே விழுங்குகிறது. எந்த வினையூக்கியும் இக்கணக்கை மாற்றாது. ஆகவே ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சேர்பொருளின் எடையையும் உள்ளடக்கிய கொள்ளளவு, சமநிலை அழுத்தம், பல சுழற்சிகளுக்குப் பிந்தைய கொள்ளளவு ஆகிய மூன்றையும் தர வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஆய்வேட்டில் வெப்பநிலை குறைந்ததென்ற கூற்றை ஏற்கலாகாது.