அணுகுண்டு செய்த அறையிலிருந்து பாட்டி கண்ணுக்கு

1/ உங்க பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கண்புரை ஆபரேஷன் செஞ்சு கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சிருக்காங்களா? அந்த லென்ஸுக்குப் பின்னால தூசி இல்லாத அறையின் வரலாறு ஒன்னு இருக்கு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ கொட்டாரத்துல ஆடிக்காத்து அடிச்சா எத்தனை தடவை பெருக்கினாலும் தூசி போகாது. ஆனா சிக்கல் கண்ணுக்குத் தெரியாத தூசிதான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இங்கே நாம பேசறது 0.5 மைக்ரான்.

3/ இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா அணுகுண்டு செஞ்சப்போ, கதிரியக்கத் துகள் வெளியே பரவாம தடுக்க ஒரு வடிகட்டி உருவாச்சு. அதுதான் ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் துகள்கள்ல 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்.

4/ ஆனா அறைக்குள்ளேயே தூசி உருவாகுதே? முக்கிய ஊற்று மனுஷன்தான். நம்ம தோல் உதிர்ந்துகிட்டே இருக்கு. 1960-களின் தொடக்கத்துல சாண்டியா ஆய்வுக்கூடத்தின் வில்லிஸ் விட்ஃபீல்ட் எளிமையா யோசிச்சார்: வடிகட்டின காத்தைச் சுழல விடாம, மேலேருந்து கீழே ஒரே சீரா இறக்கு. காத்தே துடைப்பமா மாறிடும்!

5/ எவ்வளவு சுத்தம்னு அளக்கணுமே? 1963-ல அமெரிக்கத் தரவிதி வந்துச்சு. ஒரு கன அடி காத்துல 0.5 மைக்ரானும் அதுக்கு மேலும் உள்ள துகள் 100-க்குள்ள இருந்தா 'கிளாஸ் 100'. 1999-ல உலகத் தரம் வந்தப்போ அது 'ஐஎஸ்ஓ 5' ஆச்சு: கன மீட்டருக்கு 3,520 துகள். எண் குறைஞ்சா சுத்தம் கூடுதல், பாத்துக்கிடுங்க.

6/ இதை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடி, இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. காத்தைச் சுத்தமாக்கினார், அறுவை உடையையும் மாத்தினார். 100-க்கு ஏழெட்டு பேருக்கு வந்த கிருமித்தொற்று, பத்தாண்டுல சுமார் ஒன்னுக்கு இறங்குச்சு.

7/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் 1949-லயே லண்டன்ல ஹெரால்ட் ரிட்லி செஞ்சு காட்டினது. ஆனா 1980-கள்லகூட நம்ம ஏழைகளுக்குக் கிடைச்சது சோடாபுட்டி கண்ணாடிதான். இறக்குமதி லென்ஸ் விலை அப்படி.

8/ மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. லென்ஸை இங்கேயே செய்ய 1992-ல ஆரோலேப் தொடங்குச்சு. கண்ணுக்குள்ள காலம் முழுக்க இருக்கப்போற பொருள்ல ஒரு துகளும் ஒட்டக்கூடாது. அதனால மதுரைப் புழுதிக்கு நடுவே தூய அறை. லென்ஸ் விலை பத்து டாலருக்கும் கீழே வந்துச்சு. சோடாபுட்டி மெல்ல மறைஞ்சுது.

9/ அதனாலதான் தியேட்டர் வாசல்ல "ஒருத்தர் மட்டும் உள்ளே வரட்டுமா டாக்டர்?"னு கேட்டா மறுக்கிறோம். உங்களை அவமதிக்க இல்ல. கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காத்தோட சீர் கலையும், ஒவ்வொரு ஆளும் துகளோட வருவார்.

10/ கடைசியா ஒன்னு. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ "நாளைக்குப் பாப்போம்"னு இருக்காதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அறை எவ்வளவு சுத்தமா இருந்தாலும், அரிதா தொற்று வரலாம். அப்போ பார்வையைக் காப்பாத்தறது நீங்க சீக்கிரம் வர்றதுதான்.