தறி ஊரும் ரேக் பெட்டியும்: ஒவ்வொரு போர்ட்டுக்குப் பின்னாடியும் ஒரு கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு பெட்டியைப் பத்திப் பேசப் போறோம். அகலம் 19 அங்குலம். உயரம் ஒண்ணே முக்கால் அங்குலம். முன்பக்கம் நிறைய ஓட்டை, பின்பக்கம் ஃபேன். உங்க ஆபீஸ் சர்வர் ரூம்ல இந்த மாதிரி பத்து, இருபது இருக்கும். நெட் வேலை செய்யுற வரைக்கும் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

ஆனா இந்தக் குடும்பத்துப் பெட்டிகள் இப்போ ஏ.சி. ரூமை விட்டு வெளியே வந்துருச்சு. கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டு போகுற மத்திய அரசுத் திட்டத்துக்கு 2011-ல் ஒப்புதல் கிடைச்சுது. பிறகு அதுக்கு பாரத்நெட்னு பேர் வந்துச்சு. தமிழ்நாட்டுல அதோட இரண்டாம் கட்டத்தை நடத்த 2018-ல் டான்ஃபிநெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கணும், ஒவ்வொண்ணுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம் கொடுக்கணும் என்பது இலக்கு. இதுக்காக ஊராட்சிக் கட்டடங்கள்ல ஒரு ரேக், ஒரு ரவுட்டர், ஒரு யுபிஎஸ் வைக்கிறாங்க. ஃபைபர் பெரும்பாலும் மின்கம்பம் வழியாவே வருது.

இதுக்கு உதாரணமா ஐயம்பேட்டையை எடுத்துக்குவோம். தஞ்சாவூர் பக்கத்து ஐயம்பேட்டை இல்லை. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல இருக்கே, பட்டுத்தறி ஊர், அது. ஏன் இந்த ஊர்னா, இங்கே நிறைய வீடுகளுக்கு ஓட்டைகளால வேலை செய்யுற ஒரு பெட்டி ஏற்கெனவே பழக்கம்: தறிக்கு மேல உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டி. அட்டையில் ஓட்டை இருந்தா கொக்கி மேல போகும், கூடவே பாவு இழையும் எழும்பும். ஓட்டை இல்லைன்னா அந்த இழை அப்படியே கிடக்கும். நாம சுவிட்ச் வாங்கும்போது '24 போர்ட்டா, 48 போர்ட்டா'ன்னு கேட்குறோம். நெசவாளர் '120 கொக்கியா, 240 கொக்கியா'ன்னு கேட்பார்.

சரி, இப்போ ரேக் பெட்டிக்கு வருவோம்.

முதல்ல, ரெண்டு காது

பெட்டியோட ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட நீட்டிக்கிட்டு இருக்கிற தகடுக்குக் காதுன்னே பேரு. இந்த 19 அங்குலக் கணக்கைக் கம்ப்யூட்டர் கம்பெனி எதுவும் போடலை. 1920-களில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனி தன்னோட கருவிகளை அடுக்கி வைக்கப் போட்ட கணக்கு அது. ரிலேக்களை அடுக்கினதால அதுக்கு 'ரிலே ரேக்'னு பேர். 1965-ல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் இதைப் பொதுத் தர அளவா வெளியிட்டது. ஒரு 'யூ'ன்னு நாம சொல்ற உயரம் 44.45 மில்லிமீட்டர், அதாவது அந்த ஒண்ணே முக்கால் அங்குலம்.

இதனால என்ன லாபம்? எந்தக் கம்பெனி பெட்டியா இருந்தாலும் அதே ரேக்குல உட்காரும். பழுதானதைக் கழட்டிட்டு வேற ஒண்ணை மாட்டிடலாம், பக்கத்துப் பெட்டி எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ரேக்கோட மூல எண்ணமே இதுதான்: பழுது வரும், அதனால மாத்துறதை சுலபமாக்கி வை.

பின்பக்கம்: கரன்ட்

டெலிகாம் வகைப் பெட்டிகள்ல மின் இணைப்புப் பக்கத்துல மைனஸ் 48 வோல்ட்னு எழுதியிருக்கும். ஏன் 48? பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் ஈய-அமில பேட்டரியில ஓடுச்சு. ஒரு செல் 2 வோல்ட், அப்போ 24 செல்லைக் கோர்த்தா 48. ஏன் மைனஸ்? பேட்டரியோட பிளஸ் முனையை பூமியில இணைச்சா, ஈரமண்ணுல கிடக்கிற செம்புக் கம்பி மின்வேதி அரிப்புல இருந்து தப்பிக்கும். தெருவுல கரன்ட் போனாலும் டெலிபோன் பேசணும் என்பதுக்காக வந்த பேட்டரி இது. ஊராட்சிக் கட்டடத்துல இன்னைக்கு அந்த வேலையை யுபிஎஸ் செய்யுது. அதோட பேட்டரி செத்துப் போச்சுன்னா, மேல இருக்கிற ரவுட்டர் எவ்வளவு உசத்தியா இருந்தாலும் பலன் இல்லை.

எட்டுக் கம்பி போர்ட்

எல்லாருக்கும் தெரிஞ்ச ஆர்ஜே 45. இதுவும் டெலிபோன் வீட்டுப் பிள்ளைதான். உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். முறுக்கின ஜோடிக்கு 1881-லேயே கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கிட்டார். வெளியில இருந்து வர்ற இரைச்சல் முறுக்கின ரெண்டு கம்பி மேலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுல விழும். வாங்குற பக்கம் ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை மட்டும் படிக்கும், அதனால இரைச்சல் கழிஞ்சுபோகும். நாலு ஜோடிக்கும் முறுக்கு ஒரே மாதிரி இருக்காது. ஒரு ஜோடி பேசுறது இன்னொரு ஜோடிக்குக் கேட்கக் கூடாதுல்ல? நூலுக்கு முறுக்கு எவ்வளவு முக்கியம்னு பட்டு நெய்யுற ஊருக்கு நாம சொல்லித் தர வேண்டியதில்லை. நோக்கம்தான் வேற.

செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல தாங்காது. ஊர் விட்டு ஊர் போக ஃபைபர் வேணும். அதுக்குத்தான் பக்கத்துல எஸ்எஃப்பி குழிகள். அந்தக் குழியில விரல் அளவு மாட்யூலைச் செருகணும். லேசர் அதுக்குள்ளதான் இருக்கு. தூரம் மாறினா மாட்யூலை மாத்து, லேசர் போச்சுன்னாலும் மாட்யூலை மட்டும் மாத்து, பெட்டியை அணைக்கவே வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி ரேக்குல பார்த்த அதே எண்ணம், இப்போ விரல் அளவுல.

கன்சோல்

இப்போ எனக்குப் பிடிச்ச போர்ட். ஓரமா, தனியா, 'கன்சோல்'னு எழுதியிருக்கும். அதுல போகுற சிக்னலோட வேர் 1960-ல் வந்த ஆர்எஸ் 232 தரம். டெலிடைப் இயந்திரங்களையும் மோடத்தையும் இணைக்க வந்தது. இன்னைக்கு நெட்வொர்க் வேகத்துல பார்த்தா இது மாட்டுவண்டி. ஆனாலும் எந்தக் கம்பெனியும் இதைத் தூக்க மனசு வைக்கலை.

காரணம், நெட்வொர்க் மொத்தமும் படுத்தாலும் இந்தப் போர்ட் பேசும். ரவுட்டருக்கு ஐபி முகவரியே இல்லைன்னாலும் பேசும். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒரு ஆள் கேபிளோட அந்தப் பெட்டி முன்னாடி போய் நிக்கணும்.

அந்த ஆள் யாரு? கம்பெனி ஆபீஸ்ல இது கேள்வியே இல்லை, நெட்வொர்க் டீம் கீழ் மாடியில இருக்கும். 12,525 ஊர்ல பெட்டி வைக்கும்போது இதுதான் முதல் கேள்வி.

1986, கிட்டூர்

இந்தக் கேள்வியை இந்தியா ஒரு தடவை நேருக்கு நேர் சந்திச்சிருக்கு. 1984 ஆகஸ்ட்ல சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா இதுல முக்கியமான ஆள். பட்ஜெட் 36 கோடி ரூபாய், கெடு 36 மாசம். அன்னைக்குக் கிடைச்ச வெளிநாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பெரிய நகரங்களை மனசுல வச்சு செஞ்சவை. ஆயிரக்கணக்கான லைன், குளிரூட்டின கட்டடம். நம்ம கிராமத்துக்கு வேண்டியது சில டஜன் லைன். வெயிலும் தூசியும் கூடவே வரும்.

சி-டாட் செஞ்சது 128 போர்ட் கொண்ட ராக்ஸ் என்கிற சின்ன எக்ஸ்சேஞ்ச். ஊர்க்காரங்க லைன், வெளியூர் டிரங்க் லைன் எல்லாம் அந்த 128-க்குள்ளதான். ஏ.சி. தேவையில்லை. 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் முதல் ராக்ஸ் வேலைக்கு வந்தது. கிராமத்துக்குத் தகுந்த பெட்டியை இங்கேயே செய்ய முடியும்னு அது காட்டுச்சு. ஏ.சி.-யைத் தூக்கினது வெறும் செலவு மிச்சம் இல்லை. உடையுற பொருள் ஒண்ணு குறைஞ்சுது, அதைப் பார்த்துக்க வேண்டிய ஆளும் ஒருத்தர் குறைஞ்சார்.

சரி, ஐயம்பேட்டைக்கு என்ன?

ஒரு தறி ஊர்ல ஜக்கார்டு மக்கர் பண்ணினா, அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச கை அந்த ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ இருக்கும். கொக்கி வளைஞ்சிருக்கா, அட்டை கிழிஞ்சிருக்கான்னு நெசவாளரே பார்த்துடுவார். தறி நின்னா அன்னைக்குக் கூலி நிக்கும், அதனால அந்த அறிவு ஊரை விட்டுப் போகாது. ரேக் பெட்டி அப்படி இல்லை. அது நின்னா சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர் 'நெட் இல்லை'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவார். சரி பண்ற ஆள் எங்கேயோ இருப்பார்.

ஆனா அந்தப் பெட்டியில பாதிப் பழுதைப் பார்க்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். யுபிஎஸ் ஓடுதா? போர்ட் மேல பச்சை விளக்கு எரியுதா? ஃபேன்ல தூசி அடைச்சிருக்கா? ஃபைபர் எங்கேயாவது மடங்கி நசுங்கியிருக்கா? இந்த நாலையும் பார்த்துட்டு போன் பண்ண ஊர்ல ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தா, வர்ற டெக்னீஷியன் சரியான பொருளைக் கையோட கொண்டு வருவார். ரெண்டு பயணம் ஒண்ணாகும்.

காது, பேட்டரி, எஸ்எஃப்பி, கன்சோல். இது எல்லாமே 'பழுது வரும், பக்கத்துல ஒருத்தர் இருப்பார்'னு நம்பி வடிவமைச்ச பாகங்கள். பெட்டி வந்தாச்சு. அந்த ஒருத்தரைத் தயார் பண்றதுதான் பாக்கி. தறி ஊருக்கு அது புதுப் பழக்கமும் இல்லை.

உங்க ஊர் ஊராட்சி ஆபீஸ்ல இந்த ரேக் இருந்தா, அடுத்த தடவை போகும்போது ஒரு நிமிஷம் நின்னு பச்சை விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.