அதிவேக முதல் வகை நீரிழிவு

கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சில நாள்களிலேயே ஏறக்குறைய முற்றாக அழியும் நோய். ஜப்பானில் அகிஹிசா இமகாவா குழுவினர் 2000-இல் இதைத் தனி வகையாக விவரித்தனர். பலருக்குச் சளிக்காய்ச்சல் போலத் தொடங்கி, தாகமும் வாந்தியும் கண்ட ஒரு வாரத்துக்குள் கீட்டோ அமிலத்தேக்கம் வந்துவிடுகிறது. அழிவின் வேகத்துக்கு இரத்தமே சாட்சி: சர்க்கரை டெசிலிட்டருக்கு 288 மில்லிகிராமையும் தாண்டி நிற்க, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.7 விழுக்காட்டுக்குக் கீழேயே இருக்கும். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடோ அநேகமாக இராது. குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்களும் குறைவது, வழக்கமான முதல் வகையிலிருந்து இதைப் பிரிக்கும் இன்னொரு அடையாளம்.

உடலின் சொந்த செல்களைக் குறிவைக்கும் தன்னெதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் தென்படாததால், இதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கில்லை என்று முதலில் கருதப்பட்டது. ஆனால், இறந்தோரின் கணையத் திட்டுகளில் டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் ஆகிய நோயெதிர்ப்பு செல்கள் குவிந்திருந்தன. சிலரிடம் என்டிரோ வைரஸ் தடயமும் இருந்தது. நோயெதிர்ப்பின் கடிவாளத்தைத் தளர்த்தும் பிடி-1 தடுப்பு மருந்து பெற்ற புற்றுநோயாளிகள் சிலருக்கும் இதே நோய் வந்திருக்கிறது. ஆகவே, எதிர்ப்புப் புரதம் இல்லை என்பது எதிர்ப்பே இல்லை என்பதாகாது. எச்பிஏ1சி குறைவென்று இன்சுலினைத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.