வடி முதல் மாவடு வரை: ஊறுகாயின் ஊர் எது?

ஊறுகாய் நம்முடையதா, இங்கே வந்து கற்றுக்கொண்டதா? மும்பையில் பிறந்த நம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. அவர்கள் வாயில் வருவது 'அச்சார்'. குஜராத்தி வீட்டுச் சுந்தோவையும் மராத்தி வீட்டு லோண்சேயையும் பார்த்துவிட்டு, நாமும் அவங்ககிட்ட வாங்கினதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பலசரக்கு வியாபாரி. உப்பும் மிளகும் தெரியும். கடை மூடிய பிறகு படித்த கொஞ்சம் தமிழும் தெரியும். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் பெயர். 'ஊறுகாய்' வினைத்தொகை. ஊறின காய், ஊறுகிற காய், ஊறப்போகிற காய் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். லோண்சே என்ற மராத்திச் சொல், உப்பைக் குறிக்கும் பிராகிருத 'லோண'வுக்கு உறவு. அவர்கள் உப்பை வைத்துப் பெயரிட்டார்கள், நாம் ஊறலை வைத்துப் பெயரிட்டோம்.

அடுத்து நூற்சான்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் அந்தணர் வீட்டு விருந்து வருகிறது. வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், அதில் மிளகும் கறிவேப்பிலையும்; கூடவே மாவின் பிஞ்சைப் பிளந்து போட்ட காடி. அந்தப் பிஞ்சுக்குப் புலவர் சொல்லும் பெயர் 'வடி'. நாம் இன்றும் 'வடு' என்கிறோம். சீவக சிந்தாமணிக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் பொருள் கேட்டு, 1887-இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே, 1889-இல் பத்துப்பாட்டையும் அச்சேற்றினார்.

அந்த விருந்தில் மிளகாய் கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-இல் போர்த்துகீசியர் கடல்வழி கண்ட பிறகே நம் நாட்டுக்கு வந்தது. 'மிளகுக்காய்' என்று நம் மிளகின் பெயரையே அதற்கும் கொடுத்துவிட்டோம். ஆக, வந்தது காரம்தான். ஊறல் ஏற்கெனவே இருந்தது.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இஞ்சி, பூண்டு, மாகாளிக் கிழங்கு ஆகாது; மண்ணுக்குள் விளைபவை. அதற்கு மேல், ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும் என்று ஆசார நூல்கள் ஊறுகாயையே ஐயத்தோடு பார்க்கின்றன. அறிவியலும் அதை மறுக்கவில்லை. மாவடு தன் உப்புநீரில் புளிப்பது நுண்ணுயிர்களின் வேலையால்தான். என் தாயார் ஜாடி ஜாடியாக மாவடு போடுவார். தாம் ஒன்றுகூடத் தொடமாட்டார். "நீங்க சாப்பிடுங்கப்பா" என்பதோடு சரி. அவருக்கு உப்பு நார்த்தங்காய்தான். சுருள் சுருளாக நறுக்கி, உப்பைத் திணித்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவைத்தது. எண்ணெய் கிடையாது, வருஷக்கணக்கில் இருக்கும்.

இனி நம் மும்பை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் தாராவிக்கு வந்தார்கள். தோலைக் கெடாமல் காத்ததும் உப்புதான். 1896 பிளேக்குக்குப் பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், மாதுங்காவில் மனைகளைத் திருத்தியது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. பிறகு டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்து, செம்பூரும் நம் ஊராயிற்று. போன இடமெல்லாம் ஜாடியும் கூடவே போயிற்று.

மார்ச் மாதம் மாதுங்கா மார்க்கெட்டில் வடு வரும். காம்போடு இருப்பதாகப் பொறுக்குங்கள். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்குச் சுமார் 150 கிராம் கல்லுப்பு, கடுகுப்பொடி, மஞ்சள், மிளகாய்ப்பொடி சேர்த்துத் தினமும் குலுக்கிவிட்டால் காய் சுருங்கித் தன் நீரிலேயே ஊறும். உலர்த்துகிற வேலையெல்லாம் மே மாதத்துக்குள் முடிய வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் வெயில் போச்சு.

வரும் மார்ச்சில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். அவங்க பாட்டி கைப்பக்குவத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைப்பில் 'ஊறுகாய்' என்றே எழுதட்டும்.