சேவலுக்கு நட்ட கல்லும் செல்போனில் நடக்கும் சண்டையும்



போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். "டீச்சர், எட்டாவது படிக்கிற என் பையன் எந்நேரமும் போனில் போக்கிமான் சண்டை போடுகிறான். நாட்டுக்கு நாடு ஆள் பிடித்து மோதுகிறான். இது என்ன விளையாட்டு, இதில் என்ன இருக்கிறது?" அதற்குக் கீழே நம் உறவுக்கூட்டம் பதில்களைக் கொட்டியிருந்தது. போனைப் பிடுங்கு என்றார் ஒரு பெரியப்பா. சூதாட்டம் என்றார் இன்னொருவர். ஜப்பான்காரன் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்றும் ஒரு பதில். கேள்வி கேட்டவளுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் என் பேரனும் இதே ஆட்டத்தில் இருப்பவன் என்பதால், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு வரலாற்றுப் பித்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஜப்பானுக்குப் போகும் முன் நம் ஊர்ப் பக்கமே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகிறேன்.

விழுப்புரம் அருகே அரசலாபுரம் என்று ஓர் ஊர். 1993 வரை அதுவும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட நம் தென்னாற்காடு மாவட்டம்தான். அங்கே ஏறக்குறைய 1500 ஆண்டுப் பழைமையான ஒரு நடுகல் கிடைத்தது. போரில் இறந்த வீரனுக்கும், மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தக் கல்லில் மனிதன் இல்லை. ஒரு சேவல் நிற்கிறது. முகையூர் மேற்சேரியின் கோழி என்று எழுத்தும் இருக்கிறது. இன்னும் வடக்கே இந்தளூரில் கிடைத்த கல்லும் சேவலுக்குத்தான். அது கீழ்ச்சேரிக் கோழி. அதன் பெயரும் கல்லில் உண்டு, பொற்கொற்றி. (சேரி என்றால் அன்றைக்குக் குடியிருப்புப் பகுதி என்றுதான் பொருள். இன்றைய பொருளை அதில் ஏற்றிப் படிக்காதீர்கள்.)

மேற்சேரி, கீழ்ச்சேரி என்று ஊர் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றிருக்கிறது. சேவலுக்குப் பெயர் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அது சேரியின் சார்பில் களத்தில் இறங்கியிருக்கிறது, செத்தபோது வீரனுக்கு இணையாகக் கல் நட்டிருக்கிறார்கள். "என் போக்கிமான்" என்று பேரன் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் பெருமை எனக்குப் புதிதாகத் தோன்றாததற்கு இந்தக் கல்தான் காரணம்.

சங்க காலத்திலும் இது உண்டு. குறுந்தொகையின் 305-ஆவது பாட்டைப் பாடியவர் பெயரே குப்பைக்கோழியார். இயற்பெயர் மறைந்து, சொன்ன உவமையே பெயராகிவிட்டது. குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகவே சண்டை போடுகின்றன, ஏவிவிட ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. இதைத்தான் தலைவியின் காமநோய்க்கு உவமையாக வைத்தார். அப்படியானால் ஏவிவிடவும் விலக்கவும் ஆள் இருந்த சண்டையும் அன்று வழக்கில் இருந்தது என்று ஆகிறதல்லவா? உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையைச் சேவல் ஒன்று எதிர்த்து விரட்டிய இடம் என்று கதை சொல்வார்கள்.

யானையைச் சேவல் விரட்டுவதா என்று சிரிக்காதீர்கள். எளியது வலியதை வெல்வது எப்படி என்ற யோசனை நம்மவர்களை விடவே இல்லை. திருக்குறளில் காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். பகலில் காக்கை கோட்டானை வெல்லும். முதலை ஆழமான நீரில் எதையும் வெல்லும், கரையேறினால் மற்றவை அதை வெல்லும். சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடும். மோதுவதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கிடாயும் அங்கே வருகிறது. இவ்வளவு பிராணிகளை வரிசையாக நிறுத்தி, எது எதை எப்போது வெல்லும் என்று ஓர் அரசனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். பஞ்சபட்சி சாத்திரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பறவைகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில்கள். ஒரு பறவை அரசில் இருக்கும் நேரத்தில் இன்னொன்று துயிலில் இருக்கும். சேவல் கட்டுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் களத்துக்கு நேரம் குறிப்பார்கள். எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வலிமை என்பது நிலையானதல்ல, எதிரியையும் நேரத்தையும் பொறுத்து மாறுவது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

இனி ஜப்பான். சடோஷி தஜிரி 1965-இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரில் வளர்ந்த காலத்தில் குளக்கரையிலும் வயல்வெளியிலும் பூச்சி பிடிப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. ஊர் பெருகி வயலெல்லாம் கட்டடமானது, பூச்சிகள் போய்விட்டன. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த இன்பத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தார். உங்களில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுக்காப்புளி மரத்தில் பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டிக்குள் இலை போட்டு அடைத்து, வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்தவர்கள்தானே நீங்கள்! முட்டை இட்டதா என்று கணக்கு வகுப்பில் எட்டிப் பார்த்தவர்கள் பெயரெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தஜிரி அந்தத் தீப்பெட்டியை நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில் வைத்தார். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கம்பி ஒன்று இருந்தது. அதன் வழியே ஒரு பூச்சி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவதைக் கற்பனை செய்தார். 1996 பிப்ரவரி 27-இல் ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள், 151 பிராணிகள். ஒரு பதிப்பில் இருக்கும் சில பிராணிகள் மற்றதில் இருக்காது. தோழனோடு மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு முழுமையாகும்.

இதில் ஒன்றை அவர் பிடிவாதமாகச் செய்தார். சண்டையில் தோற்ற பிராணி சாகாது, மயங்கி விழும். அரசலாபுரத்துச் சேவலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆளுக்கு ஆறு பிராணிகள் கொண்ட அணி. ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தைகள் மட்டும். நெருப்பு, நீர், செடி, மின்சாரம், நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி நீரை உறிஞ்சும். மின்சாரம் நீரில் பாயும், நிலத்தின்மேல் ஒன்றும் செய்யாது. பொருத்தமான அடி இரண்டு மடங்காக விழும். இரண்டு இனம் கலந்த பிராணிக்கு இரண்டுமே பலவீனமாக அமைந்துவிட்டால் நான்கு மடங்கு. இப்போது 18 இனங்கள், எனவே 324 கட்டங்கள் கொண்ட ஒரு வாய்ப்பாடு. பதினெட்டாம் வாய்ப்பாடு கேட்டால் கூரையைப் பார்க்கும் என் பேரன், இந்த 324 கட்டத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறான். ஆசிரியையாக எனக்கு இது பொறாமையாகத்தான் இருந்தது.

இந்த வாய்ப்பாட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. 1996-இல் இருந்தவை 15 இனங்கள். அவற்றில் மனோசக்தி இனம் யாராலும் அசைக்க முடியாத அரசனாக இருந்தது. பேய் இனம் அதை அடக்கும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லியிருந்தும், நிரல் எழுதியதில் நேர்ந்த பிழையால் பேயின் அடி அதன்மேல் படவே இல்லை. எல்லோரும் அதே இனத்தையே எடுத்தால் ஆட்டம் செத்துவிடுமே! 1999-இல் இருள், எஃகு என்று இரண்டு இனங்களைச் சேர்த்து அதன் கொட்டத்தை அடக்கினார்கள். பிறகு டிராகன்கள் ஓங்கின. 2013-இல் தேவதை இனத்தைக் கொண்டுவந்து டிராகனின் அடி அதன்மேல் படாதபடி செய்தார்கள். சோழன் ஓங்கினால் பாண்டியனும் சேரனும் சேர்வதை நடத்தும்போது நான் பலகையில் போட்ட அம்புக்குறிகள் நினைவுக்கு வந்தன.

ஆனால் வாய்ப்பாடு தெரிந்தால் மட்டும் வெல்ல முடியாது. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், தங்கள் அடுத்த அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சதுரங்கத்தில் எதிராளி காயை நகர்த்திய பிறகு நாம் யோசிக்கலாம். இங்கே அது கிடையாது. நான் மின்சாரம் பாய்ச்சுவேன் என்று எதிராளி ஊகித்தால், நீர்ப்பிராணியை உள்ளே இழுத்துவிட்டு நிலப்பிராணியை இறக்குவான். அப்படி இறக்குவான் என்று நான் ஊகித்தால், நிலத்தின்மேல் நீரைப் பாய்ச்சுவேன். பேரன் ஒரு நகர்வுக்கு முக்கால் நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். எதிரியின் மனத்துக்குள் உட்கார்ந்து யோசிக்கிறானாம்.

முதலில் கம்பி நீளம்தான் களத்தின் அளவு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடுதான் மோத முடியும். 2006-இல் வந்த டைமண்ட், பேர்ல் பதிப்புகளில் இணையம் வழியே வேறு நாட்டவரோடு மோதும் வசதி வந்தது. 2011-இல் ஷோடவுன் என்ற இணையதளத்தை ஆர்வலர்களே உருவாக்கினார்கள். விலை கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டாம், பிராணிகளை மாதக்கணக்கில் வளர்க்க வேண்டாம். அணியை எழுதிக் கொடுத்தால் உடனே சண்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது இதில்தான், ஏனென்றால் இது இலவசம். அங்கே 1000 புள்ளியில் தொடங்கி ஏணிபோல ஏற வேண்டும். பலசாலியை வென்றால் அதிகப் புள்ளி, எளியவனிடம் தோற்றால் பெரிய இழப்பு. சதுரங்கத்துக்காக அர்பாட் எலோ என்ற பேராசிரியர் வகுத்த கணக்கு அது. எந்தப் பிராணி அளவுக்கு மீறி ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தள்ளிவைக்கவும் செய்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தேதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டி. அங்கே இரண்டிரண்டு பிராணிகளாகக் களமிறங்குவார்கள். ஆறில் நான்கை மட்டும் ரகசியமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். தென்கொரியாவின் சே ஜுன் பார்க் தன் அணியில் பாச்சிரிசு என்ற ஓர் அணிலை வைத்திருந்தார். வலு இல்லாத குட்டிப் பிராணி. யாரும் அதைப் பெரிய போட்டிக்குக் கொண்டுவருவதில்லை. அவரிடம் கியாரடோஸ் என்ற கடல்நாகமும் இருந்தது. நீரும் பறத்தலும் கலந்த இனம் என்பதால் மின்சாரம் அதன்மேல் நான்கு மடங்காக விழும். அணிலுக்கோ மின்சாரத்தை உறிஞ்சி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இயல்பு. எதிரிகளின் அடியையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும் வித்தையும் அதற்கு உண்டு. அணில் முன்னால் நின்று அடியை வாங்க, பின்னாலிருந்து மற்றவை வேலையை முடித்தன. பார்க் உலக வாகையர் ஆனார். இந்தச் சண்டையை இணையத்தில் நான் இரண்டு முறை பார்த்தேன். அணை கட்டிய அணிலைத் தெரிந்த நமக்கு அந்த அணில் அந்நியமாகவா தெரியும்?

சிதம்பரத்துக்காரர்களுக்கு இன்னோர் உதாரணம். தில்லையில் கூத்தனும் காளியும் ஆடிய போட்டிக் கதை. இருவரும் சரிசமமாக ஆடினார்கள். கடைசியில் காலைத் தலைக்குமேல் தூக்கிய ஓர் ஆட்டத்துக்கு அவளிடம் மறு ஆட்டம் இல்லை, ஊர் எல்லைக்குப் போய்விட்டாள். அவளைத் தோற்கடித்த முறை எனக்கு எப்போதும் உறுத்தல்தான், அதை வேறொரு நாள் எழுதுகிறேன். எதிராளியிடம் பதில் இல்லாத ஒரே ஓர் அடியை மறைத்துவைத்திருப்பதுதான் இந்த ஆட்டத்திலும் பெரிய வித்தை என்கிறான் பேரன்.

இப்போது சூதாட்டம் என்றவருக்கு. சேவற்சண்டை ஏன் கெட்டுப்போனது? காலில் கத்தி கட்டினார்கள், களத்தைச் சுற்றிப் பணம் கட்டினார்கள். பிராணிகளை ஏவிச் சண்டையிட வைப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. இணையத்தில் பணம் வைத்து ஆடிய ரம்மி எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று நமக்குத் தெரியும். 2022-இல் தமிழ்நாடு அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஷோடவுனில் பணம் கட்டும் இடமே இல்லை. போவது புள்ளி, வருவது புள்ளி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் போட்டால், பிள்ளை நாளைக்கு நாம் உண்மையான சூதைக் காட்டி எச்சரிக்கும்போதும் நம்ப மாட்டான். எனக்கு இதுதான் கவலை.

நேரம் வேறு விஷயம். ஒரு சண்டை தோற்றால் போன புள்ளியை மீட்க இன்னொன்று, அதுவும் தோற்றால் மற்றொன்று என்று இரவு 12 மணி ஆகிவிடுகிறது. என் பேரனுக்கு ஒரு நாளைக்கு மூன்று சண்டைதான் கணக்கு. வென்றாலும் தோற்றாலும் மூன்று. முடிந்ததும் கடைசிச் சண்டையில் ஏன் தோற்றான் என்று நோட்டில் ஐந்து வரி தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை உண்டு. மஞ்சக்குப்பத்து மாணவியே, உன் பையனிடமும் இதைச் சொல்லிப் பார். அதற்கு முன் அவன் அணியில் இருக்கும் ஆறும் யார் யார் என்று நீ கேட்டுத் தெரிந்துகொள்.

விழுப்புரம் பக்கம் வேலை பார்க்கும் மாணவர்கள் யாரிடமாவது அரசலாபுரத்துச் சேவல் கல்லின் தெளிவான படம் இருந்தால் கீழே போடுங்கள். பேரனுக்குக் காட்ட வேண்டும். அதன் இனம் என்ன, அதற்கு எத்தனை வித்தை தெரியும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.